முன்னால் தோண்டச் சொன்னவன்

அவனை நான் அவன் என்றுதான் எழுதப்போகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட நாள் வரைக்கும் 'சார்' என்று கூப்பிட்டேன். அவனுக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவு போதும்.

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் மலை முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வயல்வெளி. அங்கே இருந்த ரயில்வே கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை போடுகிற வேலையை ஒரு தனியார் கம்பெனி எடுத்திருந்தது. நான் அதில் சைட் இன்ஜினியர். அவன் மேனேஜர். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு முந்தின தலைமுறை வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். மண்ணை வெட்டு என்று சொல்கிற இடத்தில் எங்களில் ஒருத்தி நிற்பது அதுதான் முதல் தடவை.

ரயிலை நிறுத்தாமல் அதன் அடியில் எப்படிச் சுரங்கம் போடுவீர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். மேலிருந்து வெட்டினால் தண்டவாளத்தை எடுக்க வேண்டும். அதனால் பக்கவாட்டில் இருந்து போவோம். லைனுக்கு ஓரத்தில் பெரிய பள்ளம் வெட்டி, அதில் கான்கிரீட் தளம் போட்டு, அந்தத் தளத்தின் மேலேயே ஒரு லாரி நுழைகிற அளவுக்குப் பெட்டிகளை வார்ப்போம். நாலு பக்கமும் சுவர், முன்னும் பின்னும் திறப்பு. பெட்டிக்குப் பின்னால் அசையாத ஒரு பெரிய கான்கிரீட் சுவர். அந்தச் சுவரில் ஜாக்கிகளை முட்டுக்கொடுத்துப் பெட்டியைத் தள்ளினால், அது ரயில் மேட்டுக்குள் அங்குலம் அங்குலமாகப் புகும். பெட்டியின் முன்வாயில் கூரான இரும்புத் தகடு பொருத்தியிருக்கும். ஆட்கள் அந்தத் தகட்டுக்குள் நின்று மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியபின் தள்ளு, தள்ளியபின் வெட்டு. மேலே ரயில்கள் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வேலையில் மீறக்கூடாத ஒரு விதி உண்டு. இரும்புத் தகட்டைத் தாண்டி முன்னால் தோண்டக்கூடாது. தாண்டித் தோண்டினால் மேலே இருக்கிற மண்ணுக்குத் தாங்கல் கிடையாது.

பெட்டி பாதி தூரம் போனதும் இறுகிக்கொண்டது. அந்த ரயில் மேடு பழைய காலத்தில் பக்கத்துக் கண்மாய் மண்ணை அள்ளிப் போட்டு எழுப்பியது. ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் ஈர மணல். இப்படி இறுகினால் பெட்டியின் வெளிப்பக்கத்தில் வழுக்கலுக்குக் கிரீஸும் களிமண் குழம்பும் ஏற்றி, பொறுமையாகத் தள்ள வேண்டும். அதற்கு நாளாகும். அவனுக்கு நாள் இல்லை. தகட்டுக்கு முன்னால் ஒரு கை நீளம் கூடுதலாகத் தோண்டுங்கள், பெட்டி தானாக வழுக்கிக்கொண்டு போகும் என்றான்.

கூடாது என்று சொன்னேன். எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அவன் சிரித்தான்.

"ஏம்மா, ஒன் படிப்பைக் காலேஜ்லயே வச்சிட்டு வந்திருக்கணும். மேல போயி தண்டவாளம் மட்டமா இருக்கான்னு பாரு, போ."

உள்ளே தோண்டிக்கொண்டிருந்தவர்களில் என் பெரியப்பா மகனும் இருந்தார். எனக்கு அண்ணன். கிணறு வெட்டுகிற கூட்டத்தில் இருந்தவரை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவள் நான்தான். போகும்போது அவரைப் பார்த்தேன். அண்ணன் போ என்பதுபோல் தலையை ஆட்டினார்.

மேலே ஏறி மட்டம் பார்க்கிற கருவியில் கண்ணை வைத்தேன். உச்சி வெயில். தண்டவாளத்துக்கு இடையில் கொட்டியிருந்த ஜல்லி, ரைஸ்மில்லில் நெல் இறங்குகிற மாதிரி நடுவில் குழிந்து இறங்கியதைப் பார்த்தேன். சிவப்புக் கொடி வைத்திருந்த ரயில்வே ஊழியரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் கொடியைத் தூக்கிக்கொண்டு லைனில் ஓடினார். வந்துகொண்டிருந்த ரயில் தூரத்திலேயே நின்றது. அந்த ரயிலில் இருந்தவர்களுக்கு எதற்காக நின்றது என்றுகூடத் தெரிந்திருக்காது.

நான் கீழே ஓடினேன். அண்ணன் இடுப்பு வரைக்கும் ஈர மணலில் புதைந்திருந்தார். மேட்டிலிருந்து சரிந்த பழைய பாறாங்கல் ஒன்று அவர் காலின் மேல் கிடந்தது. மண்வெட்டி போட்டால் ஆள் மேல் படும் என்று எல்லாரும் கையாலேயே பறித்தோம். அண்ணன் கத்தவில்லை. என் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் வெளியே வெயிலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு பிடி மண்ணைக்கூட அவன் அள்ளவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அண்ணனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே குணமாகவே இல்லை. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

கம்பெனி ஒரு விசாரணை வைத்தது. நகரத்துக்குள் ஏசி போட்ட அறை. அண்ணன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார், அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மற்றத் தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நாளைக்கும் அவனிடம்தான் வேலை பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்த கோபம் முழுவதையும் ஒரே ஆளுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

அவன் மிகவும் வருத்தப்பட்ட குரலில் பேசினான். சின்னப் பொண்ணு, அனுபவம் இல்லை, வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்கிற ஆசையில் முன்னால் தோண்டச் சொல்லிவிட்டாள், சொந்தக்காரனை வேறு உள்ளே விட்டிருக்கிறாள் என்றான். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் மேலதிகாரிகளைப் பார்த்து ஒன்று சொன்னான்.

"ஆளை எங்க வைக்கணுமோ அங்கதான் சார் வைக்கணும். மாத்தி வச்சா இப்படித்தான் ஆகும்."

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதன் பொருள் புரிந்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்கு வேலை போனது. அண்ணனிடம், தங்கச்சி பேச்சைக் கேட்டுத் தோண்டினாய், கம்பெனி பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம், எனக்கு முன்னால் அவன் போன் போய்ச் சேர்ந்திருந்தது. உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். வீட்டில் எல்லாரும் அதை விடு என்றார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போ என்றார்கள். நான் சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அவனை நினைத்துக்கொண்டேன். சாமி கும்பிடும்போதுகூட அவனுக்காகத்தான் கும்பிட்டேன். அவன் நன்றாக இருக்கவேண்டும், பெரிய ஆளாக வேண்டும், விழுந்தால் உயரத்திலிருந்து விழவேண்டும்.

கடைசியில் வேலை கொடுத்தது, ஒழுகுகிற சுரங்கப்பாதைகளைச் சரிசெய்கிற ஒரு சின்ன நிறுவனம். யாரும் விரும்பி வராத வேலை அது. மதுரையைச் சுற்றி மழைக்காலம் வந்தால் எந்தச் சுரங்கப்பாதையிலாவது தண்ணீர் நிற்கும், எங்களைக் கூப்பிடுவார்கள். சுரங்கம் போடுவது ஒரு தடவை வேலை, அதைக் காப்பாற்றுவது அது இருக்கிற காலம் முழுவதும் வேலை என்பதை அங்கேதான் கற்றேன். பெட்டியும் பெட்டியும் சேருகிற இடத்தில்தான் முதலில் கசியும். கசிகிற இடத்தில் சிமெண்டைப் பூசினால் தண்ணீர் பக்கத்தில் வழி தேடிக்கொள்ளும். சாய்வாகத் துளை போட்டு, சுவருக்குப் பின்னால் இருக்கிற தண்ணீரைத் தொட்டு, ஈரம் பட்டால் நுரைத்துப் பெருகி இறுகுகிற திரவத்தை அழுத்தி ஏற்ற வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் ஓரக் கால்வாய்களில் சேறு எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் சேருகிற தொட்டியில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதன் வாயில் அடைக்கிற பிளாஸ்டிக் பையைக் கையை விட்டு எடுக்க வேண்டும். எடுத்தேன்.

இதற்குள் அவன் தனிக் கம்பெனி ஆரம்பித்திருந்தான். நான் கும்பிட்டது வீண்போகவில்லை. அவன் போட்ட ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மழை பெய்கிற அன்று என் ஸ்கூட்டியில் போய் நின்று பார்ப்பேன். எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்தச் சேர்க்கையில் விரிசல் என்று எனக்கு மனப்பாடம். சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள். நான் அவன் ஒழுகல்களுக்குப் போனேன்.

பிறகு நான் வேலைகளைச் சரிபார்க்கிற ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒருவர் கட்டியதை ஒப்படைக்கும் முன் மூன்றாவது ஆளாகப் போய்ப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நகருக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் அவன் கம்பெனி தள்ளி முடித்திருந்த ஒரு சுரங்கப்பாதை எங்களிடம் வந்தது. அவன் எடுத்ததிலேயே பெரிய வேலை. என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஆளை அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

"மனசுல வச்சுக்கிட்டுப் பாக்காதீங்கம்மா."

"மனசுல வச்சுக்கிட்டுத்தான் சார் பார்ப்பேன். ஆனா கண்ணு பார்த்ததை மட்டும்தான் சொல்லுவேன்."

 ரயில்வே அதிகாரி ஒருவர் கூட இருக்கவேண்டும், அவர் முன்னால்தான் எல்லாம் திறக்கப்படவேண்டும் என்று சொல்லி அவர் என்னையே அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன். திருச்சி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். 

"கூடக் கொறைச்சு ஒண்ணும் செய்யாத பாப்பா," என்றார். "உள்ளதை மட்டும் தோண்டு. ஆனா நான் வந்து பாக்கணும்."

பார்க்கப் போன அன்று அவன் கைகூப்பிக்கொண்டு என்னை வரவேற்றான். மேடம் என்றான். இளநீர் வெட்டச் சொன்னான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் தூக்கத்தை இத்தனை வருடம் தின்றவனுக்கு என் முகம்கூட ஞாபகமில்லை. அவன் என்னை அடையாளம் கண்டிருந்தால் ஒருவேளை என் மனதில் ஒரு ஓரம் இளகியிருக்கும். அந்த 'மேடம்' என்ற சொல்லைக் கேட்டதும் அதுவும் போனது.

சுரங்கம் பார்க்க அழகாக இருந்தது. வெள்ளையடித்து, ஓரத்தில் மஞ்சளும் கறுப்பும் பூசி வைத்திருந்தான். நான் முதலில் மேலே லைனுக்குப் போனேன். அங்கே தண்டவாளம் பராமரிக்கிறவர்கள் ஜல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் எத்தனை ஜல்லி போட்டாலும் இறங்குகிறது என்றார்கள். எனக்கு உடனே விளங்கியது. அவன் மாறவில்லை. இங்கேயும் முன்னால்தான் தோண்டியிருக்கிறான்.

பெட்டியைத் தள்ளி முடித்ததும் அதன் கூரைக்கும் மேலிருக்கிற மண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். அதை நிரப்புவதற்கென்றே கூரையில் ஓட்டைகள் விட்டு வார்ப்போம். அந்த ஓட்டைகள் வழியாகச் சிமெண்டுக் குழம்பை அழுத்தத்தோடு ஏற்றி நிரப்பியபின்தான் அடைக்க வேண்டும். அவன் நிரப்பியதாகச் சொன்ன ஓட்டைகள் அடைக்கப்பட்டு, மேலே வெள்ளை பூசப்பட்டிருந்தன.

ரயில்வே அதிகாரியிடம் சொல்லிவிட்டு, நடுவில் இருந்த ஒன்றைத் திறக்கச் சொன்னேன். துளை போடுகிற தொழிலாளி ஏணியில் ஏறி அடைப்பை உடைத்தார். நான் ஏறி ஒரு கம்பியை உள்ளே விட்டேன். நிரப்பியிருந்தால் முட்டியிருக்க வேண்டும். கம்பி எங்கேயும் முட்டாமல் போனது. அதைப் பிடித்திருந்த என் கையும் முழங்கை வரைக்கும் உள்ளே போனது. தண்டவாளத்துக்குக் கீழே வெறும் காற்று.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. ரயில்கள் ஊர்ந்துதான் போகவேண்டும் என்று போனில் உத்தரவு சொல்லிக்கொண்டே தன் ஆட்களோடு மேலே ஓடினார். அவன் என்னிடம் வந்து, தனியாக ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றான். இங்கேயே பேசுங்கள் என்றேன். சுற்றிலும் அவன் தொழிலாளர்கள் நின்றிருந்தார்கள். இந்த ஒரு ஓட்டையோடு விட்டுவிடுங்கள், மற்றதை யாருக்கும் தெரியாமல் ஒரு வாரத்தில் நிரப்பிவிடுகிறேன், வெளியே தெரிந்தால் என் கம்பெனி போய்விடும் என்றான்.

சுரங்கத்தின் வாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து, கம்பை ஊன்றி, உள்ளே வந்தார். ஒவ்வொரு ஊன்றலும் சுவரில் பட்டு எதிரொலித்தது. அவன் முதலில் அந்தக் காலைப் பார்த்தான். பிறகு அண்ணன் முகத்தை. பிறகு என்னை.

"அன்னைக்கு முன்னாடி தோண்டச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

 அவன் நெற்றியைத் துடைத்தான். தொழிலாளர்களைப் பார்த்தான், வெளியே பார்த்தான். அதிகாரி திரும்புவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் நான் இளகிவிடுவேன் என்று அவனாக நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

"நான்தான்," என்றான்.

அந்த நேரம் பார்த்து மேலே ரயில் வந்துவிட்டது. ஊர்ந்து போனதால் சத்தம் நீண்டுகொண்டே இருந்தது.

"கேக்கல சார்," என்றார் அண்ணன். "மேல வண்டி போகுது."

அவன் குரலை உயர்த்தவேண்டியிருந்தது. நான்தான் தோண்டச் சொன்னேன், இந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னுச்சு, நான்தான் சொன்னேன் என்று கத்தினான். பாதியில் ரயில் கடந்துபோய்விட, கடைசி வார்த்தைகள் அமைதிக்குள் பெரிதாக விழுந்தன. அத்தனை பேரும் கேட்டார்கள்.

"போதுமா?" என்றான்.

நான் ஏணியில் நின்ற தொழிலாளியிடம், "அடுத்த ஓட்டையைத் திறங்கண்ணே," என்றேன்.

"சொன்னா விட்டுருவீங்கன்னுதான..." என்று இழுத்தான்.

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே."

எல்லா ஓட்டைகளையும் திறக்க வைத்தேன். அதிகாரி இறங்கி வந்து ஒவ்வொன்றிலும் தானே கம்பியை விட்டுப் பார்த்தார். ஓர் ஓட்டையிலிருந்து ஈர மணல் குபுகுபுவென்று கொட்டியது. அதன் கீழே நின்றிருந்த அவன் விலகத் தோன்றாமல் அப்படியே நின்றான். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. அண்ணன் நாற்காலியை உள்ளே கொண்டுவரச் சொல்லி அதில் உட்கார்ந்து, சினிமா பார்க்கிற மாதிரி பார்த்தார். நானும் பார்த்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்கு வயிறு நிறைந்தது.

மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து தென்னை போட்டிருக்கிற நாலைந்து சம்சாரிகள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கேட் மூடிக் கிடப்பதால் தேங்காய் ஏற்றின வண்டி சுற்றிக்கொண்டு போகிறது, பாதை திறக்கப்போகிற நேரத்தில் வந்து தடுக்கிறாய், உங்கள் இரண்டு பேர் பகைக்கு எங்கள் பாதைதான் கிடைத்ததா என்று ஒருவர் கேட்டார். நடந்த கதை அதற்குள் ஊருக்குப் போயிருந்தது. நியாயமான கேள்விதான். அவரை ஏணியில் ஏற்றிக் கம்பியைக் கையில் கொடுத்தேன். விட்டுப் பார்த்தார். இறங்கி வந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, நிரப்ப எம்புட்டு நாளாகும் என்று மட்டும் கேட்டார்.

அவன் கம்பெனியை வெளியேற்றினார்கள். வேறொரு நிறுவனம் வந்து அதே தொழிலாளர்களை வைத்து நிரப்பியது. சிமெண்டுக் குழம்பு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு வழியாக அந்தக் குழம்பு பக்கத்து ஓட்டையில் எட்டிப் பார்த்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு மேலே ஜல்லி இறங்கவில்லை. அவனுக்குப் புது வேலை எதுவும் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சிலர் என்னிடம் பாவம் என்றார்கள். தனியாகச் சொல்லித் திருத்தியிருக்கலாமே, அத்தனை பேர் முன்னால் ஏன் என்றார்கள். என்னை அத்தனை பேர் முன்னால்தானே சொன்னான் என்றேன். எங்கள் பழைய விசாரணையை யாரும் மறுபடி எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார்கள். அண்ணன் மட்டும் பஞ்சர் கடைக்கு வருகிறவர்களிடம், ரயில் சத்தத்தோடு சேர்த்து அந்தக் காட்சியை நடித்துக் காட்டுகிறார்.

இப்போது அந்தச் சுரங்கத்தின் பராமரிப்பும் எங்கள் மேற்பார்வையில் வந்துவிட்டது. போன மழைக்கு முன்னால் தொட்டியில் சேறு எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளே அவன். தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான், முடி நிறைய நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். வண்டி ஒதுங்கிப் போகிற அளவுக்கு இடம் இருந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வேலை நடக்குது. பொறுங்க," என்றேன்.

சேறு வாளி வாளியாக மேலே வந்தது. அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆட்கள் முடிந்துவிட்டது என்றார்கள். நான் குனிந்து பார்த்துவிட்டு, அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.